ஒரு மாத ஜூனியர்

ஜனக்புரி, புதுடில்லி
9 ஜூன் 1998

மதியழகனுக்குக் காத்தவராயன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று தெரியும். செய்ததே நான்தானே.

உன் அக்கா செங்கம்மாள் எழுதச் சொன்னாள், அதனால் எழுதுகிறேன். நீ வந்து போன நாளிலிருந்து இந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் கேட்கிறது, அவள் குரல் கேட்கவில்லை. நேற்றுதான் வாயைத் திறந்தாள். “எந்தக் கையால எந் தம்பி வாயில அடிச்சீங்களோ, அந்தக் கையால அவனுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க” என்றாள். இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் படிக்காதே, ஏமாந்து போவாய்.

ஏப்ரல் முப்பதாம் தேதி என்னை வெளியே அனுப்பினார்கள். பேண்டில் ஹவில்தாராக இருப்பவனுக்கு இருபத்துநாலு வருஷ சர்வீஸ், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. எனக்கு வயது நாற்பத்திரண்டு. மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். உன் நேரம் முடிந்தது என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான சாமான் கிடைக்காது. அன்று காலைகூட என் கார்னெட்டில், என் தனிவாசிப்பில் வருகிற அந்த நீளமான சுரத்தை ஒரே மூச்சில் பிடித்தேன். நீ பக்கத்தில் நின்றுதான் ஊதினாய். ஆபீசில் பேனா பிடிக்கிறவனுக்கு முடி நரைத்துக் கொட்டும்வரை நாற்காலி உண்டு. ஊதுகிறவனுக்கு நாற்பத்திரண்டு. சரி, சட்டம் சட்டம்தான் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் போகவில்லை, ஆர்டர் வருகிறது. எல்லோருக்கும் இரண்டு வருஷம் கூட்டியாயிற்று, போர்டு தேர்ந்தெடுத்தால் போதும். மே முப்பத்தொன்றில் போக வேண்டிய நீ இருக்கலாம். ஏப்ரல் முப்பதில் போன நான் போனவன்தான்.

அதோடு விட்டிருந்தால் சுவரைப் பார்த்துத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். நீ என்ன செய்தாய்? கோல் மார்க்கெட்டில் இறங்கி ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு என் வாசலில் வந்து பல்லைக் காட்டினாய். “மச்சான், எனக்கு ரெண்டு வருஷம் கெடச்சிருச்சு!” என்றாய். வீடு பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்டவன் நீ. கை தானாகப் போயிற்று.

அந்த இரண்டு வருஷம் யாருடையது என்று யோசித்துப் பார்த்தாயா? திருச்சி மைதானம் மறந்துவிட்டதா? 1974 ஏப்ரலில் பேண்டுக்கு ஆள் எடுத்தார்கள். வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று நமக்குள் சண்டை. நான் விட்ட குத்தில் உன் உதடு கிழிந்தது. ஊதிக் காட்டச் சொன்னார்கள், நீ ஊதினாய், குழாய் வாயெல்லாம் ரத்தம். “அடுத்த மாசம் வாடா” என்று விரட்டினார்கள். நான் ஏப்ரலில் சேர்ந்தேன், நீ மே மாதம் சேர்ந்தாய். அந்த ஒரு மாதத்தை வைத்து இத்தனை வருஷம் உன்னை ஜூனியர் என்று கூப்பிட்டேன், நீயும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தாய். இப்போது அதே ஒரு மாதம் உனக்கு இரண்டு வருஷமாகக் குட்டி போட்டிருக்கிறது. கொடுத்தது என் முஷ்டி, மாப்ளே. அது என் வருஷம். உனக்கு வெட்கம் இருந்தால் ஒத்துக்கொள்.

அடுத்த வாரம் கரோல் பாக்கில் ஒரு கல்யாண பேண்டில் சேர்கிறேன். வயிறு ரிடயர் ஆகவில்லை.

காத்தவராயன்


டில்லி கண்டோன்மென்ட்
21 ஜூன் 1998

மச்சான் அவர்களுக்கு,

மேல் வரிசையில் முன்பல் இரண்டு. ஒன்றை உங்கள் வாசலிலேயே துப்பினேன், இன்னொன்றைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் துப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து போய்விட்டாள்.

கை தானாகப் போயிற்றாம். கன்னத்துக்குப் போயிருக்கலாமே? மூக்குக்குப் போயிருக்கலாமே? கார்னெட்காரனுக்கு உதடு உட்காருகிற இடம் அந்த இரண்டு பல்தான். அது ஊரில் யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கசாப்புக்காரன் கத்தி மாதிரி உங்கள் கை நேராக மூட்டுக்குத்தான் போயிருக்கிறது. இதை ஒரு குடிகாரன் செய்திருந்தால் மறந்திருப்பேன். பக்கத்தில் நின்று என்னோடு ஊதினவன் செய்தான்.

பேண்டு மாஸ்டர் பாலசுப்ரமணியம் சாரிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒங்க வீட்டு பாத்ரூமுக்கு இவ்வளவு நல்லா குறி பாக்கத் தெரியுமாய்யா?” என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்திருப்பீர்கள். அக்கா முகத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் முகத்துக்காக இல்லை, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊத முடியாதவனை எதற்காக இரண்டு வருஷம் வைத்துக்கொள்வது என்று போர்டில் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. பெரிய டிரம் அடிக்கிறவர் போகிறார், இவனுக்குத் தோள் இருக்கிறது, தூக்கட்டும் என்று சார்தான் வாதாடி வைத்தார். ஆகவே நான் இப்போது டிரம். நீங்கள் போனபின் உங்கள் தனிவாசிப்பு எனக்கு வந்திருக்க வேண்டும். அதற்காகத்தானே வெறிபிடித்தவன் மாதிரி லட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். “மச்சான், உங்க பாட்டு கை மாறல, நம்மகிட்டயேதான் இருக்கு” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாதியில் பல் விழுந்துவிட்டது. இப்போது மீசை முளைக்காத ஒருவன் அதை வாசிக்கிறான்.

அந்த இரண்டு வருஷத்தில் ஒரு மணி நேரம்கூட உங்களுக்குத் தர மாட்டேன். டிரம் தோலில் உங்கள் முகத்தை வைத்துத்தான் அடிக்கிறேன். நன்றாக அடிக்கிறேன் என்று சார் பாராட்டுகிறார். எங்கள் லைன்ஸ் குடியிருப்புப் பக்கம் தலை காட்டினால் விரல் விரலாக ஒடிப்பேன்.

லட்டு டப்பா எவர்சில்வர், அபிராமி கல்யாணச் சீரில் கொண்டுவந்தது, திருப்பிக் கேட்கிறாள். அக்காவைக் கழுவிக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் ஜூனியர்,
மதியழகன்


ஜனக்புரி
2 பிப்ரவரி 1999

மாப்ளே,

நீ அதற்கப்புறம் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. பொங்கலுக்கு அபிராமி மட்டும் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனாள். டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், அதையாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாய்.

ஜனவரி 29 அன்று, குடியரசு தின விழா முடிகிற பேண்டு வாசிப்பைப் பார்க்க விஜய் சௌக்குக்கு வந்தேன். போன வருஷம் உள்ளே நின்று ஊதினவன், இந்த வருஷம் கயிற்றுக்கு வெளியே, பலூன்காரனுக்குப் பக்கத்தில். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. ஆனால் பெரிய டிரம் நீதான் என்று தெரிந்தது. கோபத்தில் அடிக்கிறவன் கை ஒரு இழை முன்னாலேயே விழும். என் தனிவாசிப்பில் அந்தப் பையன் நீளமான சுரத்தைப் பாதியில் உடைத்தான். எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆள் “வாஹ்” என்று கைதட்டினான். பிடரியில் ஒன்று வைக்கலாம் என்று கை எழுந்தது. அங்கே போலீஸ் நிறைய.

நீ அன்று சொல்ல வந்ததைக் கடிதத்தில் படித்தேன். முதலிலேயே அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே. மனிதன் இரண்டு வருஷத்தை முதலில் சொல்லி, பாட்டைப் பின்னால் சொல்வானா?

கல்யாண பேண்டைப் பற்றிச் சொல்கிறேன், சிரி. சிவப்புக் கோட்டு, நெஞ்செல்லாம் ஜரிகை, தோளில் தங்கக் கயிறு. ஜெனரலுக்குக்கூட அவ்வளவு கிடையாது. எனக்கு முன்னால் போட்டவனுடைய வேர்வை இன்னும் அதில் இருக்கிறது. குதிரை மேல் மாப்பிள்ளை, முன்னால் நாங்கள், எங்களுக்கும் முன்னால் குடித்துவிட்டு ஆடுகிறவர்கள். ஒருவன் என் கார்னெட் வாயில் நோட்டைச் சொருகினான், நான் ஊதி வெளியே தள்ளினேன். மரியாதை தெரியாதவன் என்று அறைந்தான். திருப்பி அறைந்தேன். ஓனர் என்னைத் தனியே இழுத்துப்போய், “பௌஜி, யஹான் லடாய் நஹீன், சிர்ஃப் ஷாதி” என்றார். பட்டாளத்துக்காரரே, இங்கே சண்டை இல்லையாம், கல்யாணம் மட்டும்தானாம்.

சண்டை இல்லை என்பது பொய். மாப்பிள்ளை வீட்டார் பாட்டு உச்சத்துக்குப் போனதும் துப்பாக்கியை எடுத்து வானத்தில் சுடுகிறார்கள். நமக்கு ஒரு தோட்டாவுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார்கள், வெற்றுக்கூட்டையும் திருப்பிக் கேட்பார்கள். இங்கே பொரி மாதிரி. மேலே போனது எங்கே விழும் என்று ஒருவனும் கேட்பதில்லை.

விளக்குத் தூக்குகிறவர்களில் ஒருத்தி நம் பக்கத்துக்காரி, ராஜாத்தி, கள்ளக்குறிச்சி. இங்கே ஒரு ஜுக்கியில், குடிசைப் பகுதியில் இருக்கிறாள். ஒவ்வொருத்தர் தலையிலும் ஒரு விளக்குத் தண்டு, எல்லா விளக்கும் ஒரே ஒயரில் கோத்து, கடைசியில் வண்டியில் ஜெனரேட்டர். ஒருத்தி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். “அண்ணே, மிலிட்டரில ஊதறப்பவும் இப்படித்தான் சுடுவாங்களா?” என்று கேட்டாள். “அங்க ஊதறப்ப சுட மாட்டாங்க, இங்கதான்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கரோல் பாக்கில் எங்கள் கடைக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு பல் டாக்டர் இருக்கிறார். முன்பல் நன்றாகக் கட்டுகிறாராம். சும்மா சொன்னேன்.

காத்தவராயன்


56 ஏ.பி.ஓ.
14 ஜூன் 1999

காத்தவராயா,

இந்தக் கடிதத்தில் மச்சானும் கிடையாது, நீங்களும் கிடையாது.

எங்கே இருக்கிறேன் என்று எழுதக்கூடாது. பேப்பரில் வருகிற மலைகளில் ஒன்று. கார்னெட், டிரம் எல்லாம் டில்லியில் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கின்றன. சண்டை வந்தால் பேண்டுக்காரன் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும் என்று ரிக்ரூட்டாக இருந்தபோது பழக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? என்னைக் காயம்பட்டவனாகப் படுக்கவைத்து நீ தூக்கிக்கொண்டு ஓடி, வேண்டுமென்றே சேற்றில் கவிழ்த்தாய். நான் சிரித்தேன். இங்கே நான் தூக்குகிறவர்கள் சிரிப்பதில்லை.

முந்தாநாள் ஒருவனை இறக்கினோம். கீழ்த்தாடை இல்லை. நாக்கு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஏதோ சொல்லப் பார்த்தான், நான் “அச்சா, அச்சா” என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கனம் கூடிவிட்டது. உயிர் போனால் கனம் கூடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்னொருவன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கையை எடுக்காதே என்று சொல்வதற்குள் எடுத்துவிட்டான்.

சிவகுமார் செத்துவிட்டான். நம் கிளாரினெட் சிவகுமார். கால்பக்கம் பிடித்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஷெல் விழுந்தது. கண்ணைத் திறந்தால் கம்பின் இந்த முனை என் கையில் இருக்கிறது, அந்த முனையில் ஆள் இல்லை. படுத்திருந்தவனும் இல்லை. பாறை முழுக்க அவர்கள். எது யாருடையது என்று தெரியாமல் பொறுக்கினேன். அவன் விரலை மட்டும் அடையாளம் தெரிந்தது, கிளாரினெட் தாங்கித் தாங்கிக் காய்ப்புக் காய்ந்த அந்தக் கட்டைவிரல். அவனுக்கும் அதே ஆர்டரில்தான் இரண்டு வருஷம் கூடிற்று. அவனும் எங்கேயோ லட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

உன் இரண்டு வருஷம் இதுதான். உன்னுடையது என்றாயே, வந்து வாங்கிக்கொள். தட்டில் வைத்துத் தருகிறேன். 1974-ல் நீ குத்தாமல் இருந்தால் நான் உன்னோடு ஏப்ரலில் சேர்ந்திருப்பேன், போன வருஷம் உன்னோடு வெளியே வந்திருப்பேன், இந்நேரம் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு எவன் கல்யாணத்துக்காவது ஊதிக்கொண்டிருப்பேன். முதல் குத்தில் என்னை இங்கே அனுப்பினாய். இரண்டாவது குத்தில் பல்லை எடுத்தாய், அந்த ஓட்டையில் குளிர்காற்று ஆணி மாதிரி இறங்குகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் உன்னைத் திட்டுகிறேன். உயிரோடு வந்தால் முதல் வேலை உன்னை அடிப்பது.

அபிராமியிடம் காட்டாதே.

மதியழகன்


ஜனக்புரி
26 ஜூன் 1999

மாப்ளே,

யாரிடமும் காட்டவில்லை. படித்தேன், அடுப்பில் போட்டேன். அபிராமி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், நான் கூட்டி வந்துவிட்டேன். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். குளிருதாம், ஸ்வெட்டர் போதவில்லையாம் என்றேன். அன்றைக்கே கம்பளி நூல் வாங்கி உட்கார்ந்துவிட்டாள். சிவகுமார் வீட்டுக்குத் தந்தி வந்த அன்று அவளும் உன் அக்காவும் போய்வந்தார்கள். திரும்பி வந்து இருவரும் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள், கல்லே இல்லாத அரிசியில்.

வந்து வாங்கிக்கொள் என்றாயே, வந்தேனடா. ரிடயர் ஆனவன் இரண்டு வருஷம் ரிசர்வில் இருக்கிறான், அரசாங்கம் கூப்பிட்டால் போகவேண்டும். என் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு கண்டோன்மென்ட் ஆபீசுக்குப் போனேன். நீங்கள் கூப்பிடவில்லை, நானே வந்திருக்கிறேன், என் பட்டாளத்துக்கு அனுப்புங்கள் என்றேன். மேஜையில் இருந்த சின்னப்பயல் புக்கைப் புரட்டினான். “பேண்ட்வாலா? சாச்சா, வஹான் ஷாதி நஹீன் ஹை” என்று சிரித்தான். அங்கே கல்யாணம் நடக்கவில்லையாம். காலரைப் பிடித்து மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட்டேன். மைப்புட்டி, ஃபைல், டீ கிளாஸ் எல்லாம் அவனோடு வந்தன. “கல்யாணம் இல்லடா, ஸ்ட்ரெச்சர்! ஸ்ட்ரெச்சர் தூக்க வந்திருக்கேன்!” என்று அவன் மூஞ்சியில் கத்தினேன். தமிழில் கத்தினால் அவனுக்கு என்ன புரியும். காவலுக்கு நின்ற இரண்டு பேர் என்னைத் தரதரவென்று இழுத்து வாசலுக்கு வெளியே போட்டார்கள். அதில் ஒருவன் எனக்குத் தெரிந்தவன், முதலில் சல்யூட் அடித்துவிட்டு அப்புறம் இழுத்தான்.

போன வருஷம் வயசாகிவிட்டது போ என்று அனுப்பினது அந்த வாசல்தான். இந்த வருஷமும் அதே பதில். என் மூச்சு உனக்குத் தெரியும். உன்னையும் தூக்கி, உன் ஸ்ட்ரெச்சரையும் தூக்கிக்கொண்டு இறங்குவேன்.

நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அந்த வருஷம் எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம், சனியன் தொலையட்டும். ஒன்று சொல்கிறேன், கேள். இறங்கும்போது தலைப்பக்கம் பிடி. முன்னால் போகிறவன்தான் முதலில் மாட்டுகிறான். வெட்கமில்லாமல் பின்னாலேயே நில். உயிரோடு வந்து என்னை எத்தனை அடி வேண்டுமானாலும் அடி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்ளே.

காத்தவராயன்


56 ஏ.பி.ஓ.
3 ஜூலை 1999

மச்சான்,

தலைப்பக்கம்தான் பிடிக்கிறேன் என்று எழுத ஆசை. இப்போது என்னோடு ஜோடி சேருகிறவனெல்லாம் இருபது வயசு. அவனை முன்னால் விட்டு நான் பின்னால் நிற்பதா? நீங்களாக இருந்தால் நிற்பீர்களா? பொய் சொல்லாதீர்கள்.

கிளார்க்கை மேஜைமேல் இழுத்ததைப் பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்கப்புறம் எல்லோரும் சிரித்தோம். டீ கிளாஸ் வந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

இனிமேல் யாரையும் அடிக்காதீர்கள். ஸ்வெட்டர் வந்தால் போட்டுக்கொள்கிறேன் என்று அபிராமியிடம் சொல்லுங்கள்.

மதி


ஜனக்புரி
12 ஜூலை 1999

மாப்ளே,

நீ அடிக்காதே என்று எழுதின கடிதம் நாலு நாளைக்கு முன் காலையில் வந்தது. அன்று சாயங்காலமே அடித்துவிட்டேன். அக்கா சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஒரு சிகரத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்று டி.வி.யில் வந்த வாரம். ஊரே பட்டாசு. அன்றைக்கு ஒரு பெரிய கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளையின் தாய்மாமன், தொப்பை தளும்பக் குடித்தவன், ஜீப் மேல் ஏறிக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் கைத்துப்பாக்கியைத் தூக்கினான். “கார்கில் கே நாம்!” என்று கத்திக் கத்திச் சுட்டான். கார்கில் பேரைச் சொல்லி! எனக்கு உதட்டுக்குள் பல் நறநறத்தது, ஆனாலும் ஊதினேன். நீ அடிக்காதே என்று சொல்லியிருந்தாய்.

அப்புறம் அவன் ஜீப்பிலிருந்து தடுமாறினான். கை தாழ்ந்தது, வெடித்தது. ராஜாத்தி உட்கார்ந்தாள். அப்படித்தான் இருந்தது, களைத்துப்போய் உட்காருகிறவள் மாதிரி. அவள் விளக்கு சாய்ந்து, ஒயர் இழுத்து, வரிசையாக எல்லாப் பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கண்ணாடி நொறுங்கினது. தொடையிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. அது என்ன ரத்தம் என்று நமக்குத் தெரியும், உட்கார்ந்து யோசிக்க நேரம் தராத ரத்தம்.

ஓனர் ஓடி வந்து, “பஜாதே ரஹோ, பஜாதே ரஹோ” என்று எல்லோரையும் வாசிக்கச் சொன்னார். கல்யாணத்தில் அபசகுனம் கூடாதாம். டிரம்காரன் அடித்துக்கொண்டேயிருந்தான், மாப்ளே. அவள் கத்தியது அதில் யாருக்கும் கேட்கவில்லை.

தோளிலிருந்த தங்கக் கயிற்றைப் பிய்த்து அவள் தொடைக்கு மேலே கட்டி முறுக்கினேன். அவளை ஒயரிலிருந்து விடுவிக்க முடியவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன், ஜெனரேட்டரை நிறுத்தினார்களா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. என் கோட்டையும் பக்கத்துக்காரன் கோட்டையும் கழற்றி, கையை உள்ளே திருப்பி, பித்தான் போட்டு, பந்தல் மூங்கில் இரண்டை உள்ளே விட்டேன். ரிக்ரூட்டாக இருந்தபோது படித்தது, கை மறக்கவில்லை. ஜரிகைக் கோட்டு கடைசியில் ஒரு வேலைக்கு ஆயிற்று. கால்பக்கம் ஜெனரேட்டர் வண்டி தள்ளி வந்த அவள் புருஷன் பிடித்தான், தலைப்பக்கம் நான்.

ஜீப்காரன் வழியில் வந்து நின்றான். துப்பாக்கி இன்னும் கையில். நீ ஏன் நிறுத்தினாய், இதைக் கீழே போடு, ஊது என்று என் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தான். கம்பு இரண்டையும் பக்கத்துக்காரன் வாங்கிக்கொண்டான், கக்கத்தில் இடுக்கியிருந்த கார்னெட் என் வலது கைக்கு வந்தது. இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, நான் பார்த்துத்தான் அனுப்பினேன். வாய்க்கு. பித்தளை வாய் அவன் வாயில் போய் மடங்கிற்று. பல் ரோட்டில் சிதறினது எனக்குக் கேட்டது, அந்த டிரம் சத்தத்திலும் கேட்டது. இன்னொரு தடவை அடித்தேன். அவன் விழுந்த பிறகு ஒரு தடவை மிதித்தேன். அது அவசியமில்லை. ஆசையாக இருந்தது.

அவள் ஆட்டோவில் ஏறும்வரை பிடித்திருந்தேன். அதற்கப்புறம் அவர்கள் ஆட்கள் என்னைப் பிடித்தார்கள். விலா எலும்பு மூன்று உடைந்திருக்கிறது. மூச்சை இழுத்தால் உள்ளே யாரோ கத்தி தீட்டுகிறார்கள். போலீஸ் வந்து சுட்டவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. ராஜாத்தியின் ஜுக்கியே திரண்டு வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் உடைந்த விளக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். கடைசியில் என்னை வெளியே விட்டார்கள், அவன்மேலும் கேஸ் எழுதினார்கள். என் கேஸும் இருக்கிறது. வேலை போயிற்று. கார்னெட்டின் வாய் சப்பிப்போய்ச் சோற்றுக்கரண்டி மாதிரி இருக்கிறது.

ராஜாத்தி காலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “கயிறு கட்டுனவன் யாரு?” என்று கேட்டாராம்.

நீ திட்டுவாய். திட்டு. திட்டுவதற்காவது எழுது.

காத்தவராயன்


ராணுவ மருத்துவமனை, சண்டிகர் அருகே
20 ஆகஸ்ட் 1999

மச்சான்,

கோணல் மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இடது கை எழுத்து. ஒரு வரிக்கு ஒரு தரம் ஓய்வு எடுக்கிறேன், ஆகையால் உங்களைத் திட்டுவதைச் சுருக்கமாகத்தான் திட்ட முடியும்.

உங்கள் கடிதம் என்னைத் தேடித் தேடி இங்கே வந்து சேர்ந்தது. வார்டு நர்ஸ் விசாலாக்ஷி பாலக்காட்டுத் தமிழ், அவர்தான் சத்தமாக வாசித்தார். “மிதித்தேன், அது அவசியமில்லை, ஆசையாக இருந்தது” என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, “இது யாராக்கும்?” என்று கேட்டார். “எங்க அக்கா புருஷன், சாது” என்றேன்.

ஜூலை கடைசியில், எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னதற்கு அப்புறம், ஒருவனை இறக்கிக்கொண்டு வந்தோம். முன்னால் நான்தான். மண்ணுக்குள் ஏதோ புதைத்து வைத்திருந்திருக்கிறார்கள். தலைப்பக்கம் பிடித்த பையன் பிழைத்தான், படுத்திருந்தவனும் பிழைத்தான். எனக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. எந்த மூன்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கார்னெட் கட்டையில் வைக்கிற மூன்று. முகத்தில் கொஞ்சம் சில்லு, அதை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. அபிராமிக்கு விரல் மட்டும் எழுதியிருக்கிறேன், நீங்களும் அதற்குமேல் சொல்லாதீர்கள்.

இங்கே பல் டாக்டரும் இருக்கிறார். சும்மா இருக்கிறேனே என்று முன்பல் இரண்டையும் கட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன், உதடு சரியாக அதன் இடத்தில் உட்காருகிறது. பல் போனபோது விரல் இருந்தது. பல் வந்தபோது விரல் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பாலசுப்ரமணியம் சார் பார்க்க வந்தார். “பெரிய டிரம்முக்கு ஒரு கை போதாதா சார்?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “விதியில எடமில்லையேப்பா” என்றார். மெடிக்கல் போர்டு என்னை வெளியே அனுப்புகிறது. இரண்டு வருஷத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, சர்க்காரே வைத்துக்கொள்ளட்டும். இப்போது நானும் ரிடயர், நீங்களும் ரிடயர்.

மூன்று குத்து விட்டீர்கள் வாழ்க்கையில். முதல் இரண்டும் தவறான வாய்க்கு வந்தன. மூன்றாவதுதான் போகவேண்டிய வாய்க்குப் போயிருக்கிறது. அதற்காக முதல் இரண்டையும் மன்னித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன், இடது கை எழுத மறுக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுடில்லி ஸ்டேஷனுக்கு வருகிறேன். அக்காவையும் அபிராமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வழியில் கோல் மார்க்கெட்டில் இறங்கி ஒரு கிலோ லட்டு வாங்குங்கள். அதே எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி என் பெட்டி வாசலுக்கு நேராக வந்து நில்லுங்கள்.

இடது கை முழுசாக இருக்கிறது, மச்சான். அது தானாகப் போனால் நான் பொறுப்பில்லை.

ஒரு மாத ஜூனியர்,
மதியழகன்